மீன்பிடித் தடைக்காலத்தில் ஆறு கோழிகள்

திருவொற்றியூரில் என் வீட்டுக்குக் கீழே குடியிருந்த அம்மா மீன் விற்பவர். சந்தையில் மிஞ்சும் மீன்தலையையும் குடலையும் வாளியில் கொண்டுவந்து தன் ஆறு கோழிகளுக்குப் போடுவார். குஞ்சாக வாங்கி, அட்டைப்பெட்டியில் பல்பு எரியவிட்டு வளர்த்த கோழிகள். தினமும் நான்கு முட்டை தப்பாது.

ஏப்ரல் நடுவில் இரண்டு மாத மீன்பிடித் தடை வந்தது. விசைப்படகுகள் கரையில் நின்றன. வாளி காலியானதும் அவர் ரேஷன் அரிசிச் சோற்றைப் போட்டார். முட்டை குறைந்தது. பசி போலும் என்று சோற்றைக் கூட்டினார். கோழிகள் பருத்தன, முட்டை அடியோடு நின்றது.

விசைப்படகில் வேலை செய்யும் அவருடைய கணவரும் அப்போது வீட்டில்தான் இருந்தார்.

"துன்னு துன்னு கொழுத்துகினு கீது. தடை முடியறதுக்குள்ள முட்ட வெக்கலன்னா கொழம்புதான்."

"நீயுந்தான் குந்திகினு துன்னுகினு கீற. உன்ன இன்னா பண்றது?"

பதில் சொன்னாரே தவிர, அந்த அம்மாவுக்குப் பயம். மறுநாள் ஒரு கோழியைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

நோய் இல்லை, புரதம் போதவில்லை என்றார் மருத்துவர். புரதம் பல அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அவற்றில் மெத்தியோனின் என்ற ஒன்று மீனில் நிறைய உண்டு, வெறும் சோற்றிலிருந்து தேவைக்குக் கிடைக்காது. அது குறைந்தால் மற்றவை இருந்தும் முட்டை உருவாகாது என்று விளக்கினார். அம்மா கேட்டார்.

"டிரைவர் வர்லன்னா மீதி ஆளுங்க போட்ல குந்திகினு இன்னா பண்றது, அந்த மாதிரியா டாக்டர்?"

அதேதான் என்றார் மருத்துவர்.

மீன்தானே வேண்டும் என்று, வீடு திரும்பியதும் அம்மா பானையிலிருந்த கருவாட்டை இடித்துப் போட்டார். உப்புக் கருவாடு. மாலைவரை கோழிகள் தண்ணீர்த் தொட்டியை விட்டு நகரவில்லை. எச்சம் நீராகப் போனது. போனில் மருத்துவர் கடிந்துகொண்டார். உடனே நிறுத்தி, நல்ல தண்ணீர் மட்டும் தாராளமாக வைக்கச் சொன்னார். தேறிய பிறகு உப்பில்லாமல் காய்ந்த நெத்திலித் தூளும் எள்ளுப் புண்ணாக்கும் கொடுக்கலாம், சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் எச்சம் கெட்டியானது. தெரிந்தவர் ஒருவர் வீட்டில் நெத்திலி கிடைத்தது. அதன்பின் தினமும் காலையில் அவர் கூண்டுக்குள் கையை விட்டுத் துழாவுவதை மாடியிலிருந்து பார்ப்பேன். இரண்டு வாரம் கை வெறுமையாகவே வந்தது. கணவர் கேலியைக்கூட நிறுத்திவிட்டார். குழம்பு வைக்க முடிவெடுத்துவிட்டாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.

தடை முடிய ஐந்து நாள் இருக்கையில் ஒரு முட்டை கிடைத்தது. சிறியது. மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் மூன்று.

அன்று மாலை கணவர் பழைய மீன்பெட்டியை அறுத்து, கூண்டில் முட்டையிட இன்னொரு அறை அடித்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஆணி எடுத்துக் கொடுத்தார்.