தள்ளுபடி ஆகமமும் என் மகளின் கலியாணமும்

ஊர்காவற்றுறையில் கல்வீடு கட்டினனான். புயல் கொண்டுபோன வள்ளத்துக்குப் பதிலாக இயந்திரம் பூட்டிய வள்ளங்கள் இறக்கிச் சம்மாட்டி ஆனனான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் உருப்படமாட்டான் என்ற சொந்தக்காரருக்கே பிறகு வேலை கொடுத்தனான். கோயில் மணிக்கோபுரத்துக்குக் கல்லும் சுண்ணாம்பும் என் வள்ளத்தில்தான் வந்தன. இவ்வளவும் ஊருக்குத் தெரியும். என் மூத்த மகளின் கலியாணத்தை உடையாமல் காப்பாற்றியதும் நான்தான் என்பது ஒருவருக்கும் தெரியாது.

நாங்கள் கத்தோலிக்கர். மாப்பிள்ளை புரட்டஸ்தாந்துப் பொடியன், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். தகப்பன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்து இளைப்பாறிய மாஸ்டர். எங்கள் ஆயர் மேற்றிராணியாரின் அனுமதியோடு எங்கள் கோயிலில் திருமணம் என்று முடிவாயிற்று. பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்துவிட்ட காலம். பூசையில் வாசிக்கிற வேதவாசகத்தைப் பெண்ணே தெரிவுசெய்யலாம். மீனின் பித்தைத் தடவ, தகப்பனின் குருட்டுக் கண் தெளிந்தது என்று சொல்லும் ஆகமத்தை எங்கள் வேதப் புத்தகத்திலிருந்து மகள் தெரிவுசெய்தாள். புதுமணத் தம்பதிகள் சேர்ந்து செபிக்கிற இடமும் அதில்தான் வருகிறது. மீன் பிடிக்கிற சனத்துக்கு அந்த ஆகமம் என்றால் உயிர்.

கலியாணத்துக்கு முதல் கிழமை மாஸ்டர் வந்து என் விறாந்தைக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை.

"சம்மாட்டியார், அது எங்கட வேதாகமத்தில இல்லை. தள்ளுபடி ஆகமம். அதை வாசிச்சால் நான் கோயிலுக்குள்ள வர ஏலாது."

பக்கத்தில் இருந்த எங்கள் பங்குச் சுவாமியார் விடவில்லை. "நாங்கள் ஆதியிலயிருந்து வாசிக்கிறம் மாஸ்டர். கிரேக்க சபைக்காரர் எங்களைவிடக் கூடுதலான ஆகமங்கள் வைச்சிருக்கினம்."

"எபிரேயரின்ர வேதத்தில இல்லாததை நாங்கள் ஏற்கிறேல்லை."

உள்ளே மகள் அழுகிற சத்தம் கேட்டது. தகப்பன் வராமல் தாலி கட்டமாட்டேன் என்று பொடியன் முன்னமே சொல்லிவிட்டான்.

தள்ளுபடி என்ற சொல்லை நான் முன்னம் கேட்டது நீதிமன்றக் கோடேறின இடத்தில்தான். கரைவலை இழுக்கிற கரைப்பாடு யாருக்கென்ற என் வழக்கு இங்கே தள்ளுபடியாகி, கொழும்பில் அப்பீலில் வென்றனான். சொல் காதில் விழுந்ததும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

"மாஸ்டர், தள்ளினது எந்தக் கோடு?" என்று கேட்டனான்.

"கோடோ? என்ன கோடு?"

"தள்ளுபடி எண்டால் ஒரு கோடு தள்ளியிருக்க வேணுமே. உங்கட கோடு தள்ளிப்போட்டுது. எங்கட கோட்டில அது வெண்டிட்டுது. இரண்டுக்கும் நடுவில அப்பீலுக்கு ஒரு கோடு இல்லையோ?"

மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உமக்கு வேதமும் காணி வழக்கும் ஒண்டு." சிரித்து முடித்து யோசித்தார். "இருக்குதுதான். ஆங்கிலிக்கன்காரர். நல்ல புத்திக்காக வாசிப்பினம், கொள்கைக்கு எடுக்கமாட்டினம்."

"அப்ப அண்டைக்கு மட்டும் அந்தக் கோட்டில வந்து இருங்கோ."

சுவாமியார் வாய் திறக்கப் போனார். நான் கையைக் காட்டி மறித்தனான். மாஸ்டர் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்தார்.

"புத்தியாக் கேக்கிறன் சம்மாட்டியார். வேதமாக் கேக்கமாட்டன்."

"கேட்டாலே போதும்."

கலியாணத்தன்று அவர் கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்தார். வாசகம் முடியும்வரை என் கண் அவரிலேயே இருந்தது. முடிந்தது, தாலியும் ஏறியது.

இப்போது இரு சபையாரும் கூடுகிற இடங்களில், அந்தக் கலியாணம் சுவாமியாரின் பொறுமையால் நடந்தது என்கிறார்கள். மாஸ்டரின் பெருந்தன்மை என்கிறார்கள். பொறுமையும் பெருந்தன்மையும் என் விறாந்தையில் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருந்ததைப் பார்த்தவன் நான். வழியைக் கேட்டுக் கண்டுபிடித்தவனும் நான். இனி மேடையில் சொல்லுகிறவர்கள் என் பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதையும் முதலில் சொல்ல வேண்டும்.