பவுண்டுக்கு ஒரு தனி அடுப்பு

எங்கள் சிட்னி வட்டாரத்தில் பட்டிமன்றம் என்றால் கணவனா மனைவியா, அம்மா சமையலா மனைவி சமையலா என்கிற வகையறாதான். பொங்கல் விழாவுக்குப் பொங்கல் விழா அதே தலைப்பு, அதே சிரிப்பு. எல்லாம் முடிந்தபின் நான் மேடையேறி நன்றியுரை வாசிப்பேன். அதற்குள் பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருக்கும். மீதிப் பாதி போகலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்த வருஷம் நடுவராக வந்த, எல்லோரும் அன்ரி என்று கூப்பிடும் பெண்மணி இதற்குச் சம்மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் நெடுங்காலம் டாக்டராக இருந்து ஓய்வு பெற்று, வென்ட்வேர்த்வில்லில் மகளோடு வந்து இருக்கிறார். "உந்தப் புருஷன் பெண்சாதிக் கதையை விடுங்கோ, கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு" என்று தலைப்பை அவரே கொடுத்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலமெல்லாம் யூரோவில் சேராமல் பவுண்டையே வைத்துக்கொண்டது பிரிட்டனின் கெட்டிக்காரத்தனமா, வீம்பா?

விழாவுக்கு முந்தின நாள் கெட்டிக்காரத்தனம் அணியில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். வேறு ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்தார்கள். நான் பி.காம். படித்தவள், பாரமட்டாவில் ஓர் அலுவலகத்தில் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிறவள். இதெல்லாம் அவர்களுக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

வீம்பு அணியின் தலைவர் யார் என்றால், என் கணவர். கல்யாணத்துக்கு முன் கம்பெனி அவரைக் கொஞ்ச நாள் ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தது. அதிலிருந்து யூரோ பக்தர். ஒரே நோட்டு பாரிஸிலும் செல்லும், ரோமிலும் செல்லும் என்று வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை உட்காரவைத்துக் கழுத்தறுப்பார்.

"நீயா பேசப்போற? பாத்து, ரொம்பத் திணறினா சொல்லு, விட்டுக்கொடுத்துடறேன்" என்றார் காரில். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தேன்.

மேடையில் அவர் நன்றாகவே பேசினார், அதை மறுப்பதற்கில்லை. ஒன்றியத்துக்குள்ளே இருந்துகொண்டு காசு மட்டும் தனி என்றால் அது என்ன உறவு என்று கேட்டார். பிறகு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டு தனி அடுப்பு வைக்கிறவங்கள நான் பாத்திருக்கேன்! முதல்ல அடுப்பு தனியாகும். அப்புறம் வாசல் தனியாகும். அப்புறம் ஒருநாள் சாமான் ஏத்த லாரி வந்து நிக்கும். பிரிட்டன் கடைசியில வெளியே போனதும் அப்படித்தான். வீம்பு!"

அரங்கம் அதிர்ந்தது. ஏனென்றால் அந்தத் தனி அடுப்பு என்னுடையது என்று அங்கே இருந்த பாதிப்பேருக்குத் தெரியும்.

சிட்னிக்கு வந்த புதிதில் கணவரின் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். ஒரே சமையல். நான் விடியுமுன் வேலைக்கு ஓட வேண்டும். என் ஓரகத்தி வேலை முடிந்து வருவதே ராத்திரி. என் குழந்தைக்குக் காரம் ஆகாது, அவர்கள் வீட்டில் காரம் இல்லாமல் சோறு இறங்காது. தினமும் முணுமுணுப்பு, தினமும் பாத்திரச் சத்தம். ஒருநாள் நான் கராஜில் ஒரு சின்ன மின்னடுப்பு வாங்கி வைத்துவிட்டேன். அதை வீம்பு என்று முதலில் சொன்னவர் என் கணவர்தான். அன்றிலிருந்து உறவினர் நடுவே நான் குடும்பத்தைப் பிரித்தவள். யாரும் சண்டைக்கு வரவில்லை, ஆனால் அந்தப் பேச்சு மட்டும் என்னை விட்டுப் போகவே இல்லை. இப்போது மைக்கிலும் வந்துவிட்டது, அதுவும் என் ஓரகத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது.

எனக்கு வந்ததே கோபம்! எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

"நடுவர் அவர்களே, ஆமா, தனி அடுப்புதான். அதையே பேசுவோம்" என்று ஆரம்பித்தேன்.

யூரோ என்பது பல குடும்பங்களுக்கு ஒரே குழம்பு என்றேன். வட்டி விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஜெர்மனிக்கு உறைத்தால் ஸ்பெயினுக்குச் சப்பென்று இருக்கும். கிரீஸ் திணறியபோது வட்டியை இறக்கவோ தன் காசின் மதிப்பைத் தளர்த்தவோ அதன் கையில் ஒன்றுமில்லை. பிரிட்டனும் முன்னொரு தடவை பவுண்டை மற்ற ஐரோப்பியக் காசுகளோடு சேர்த்துக் கட்டிப்பார்த்து, தாங்க முடியாமல் அவிழ்த்துக்கொண்டு வந்த நாடுதான். பட்ட பிறகு தன் தீயைத் தானே கூட்டிக் குறைக்க ஒரு அடுப்பு வைத்துக்கொண்டால் அது வீம்பா?

"சரி, லாரிக்கு வருவோம். ஸ்வீடனுக்குத் தனிக் காசு. டென்மார்க்குக்குத் தனிக் காசு. ரெண்டும் இன்னிக்கும் அந்த வீட்லதான் இருக்கு! பிரிட்டன் போனதுக்கு வேற நூறு காரணம் இருக்கலாம், பழியை அடுப்பு மேல போடாதீங்க. எங்க வீட்லயும் நான் அடுப்பு வெச்ச பிறகு வருஷக்கணக்கா எல்லாரும் அங்கேதான் இருந்தோம். லாரி வந்தது எதிரணித் தலைவர் புது வீடு வாங்கினதால. அதுக்கு என் அடுப்பு என்ன செய்யும்?"

கைதட்டல் அடங்கவில்லை. அப்போது மூன்றாவது வரிசையில் என் ஓரகத்தி எழுந்து நின்றார்.

"நடுவர் அம்மா, நான் ஒண்ணு சொல்லலாமா?"

பட்டிமன்றத்தில் பார்வையாளர் பேசுகிற வழக்கமில்லை. அன்ரி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "சொல்லுங்கோ பிள்ளை."

"அவ சொல்றது நிஜம். அந்த அடுப்பு வந்ததுக்கு அப்புறந்தான் நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுப் பேசினோம். கராஜ்ல அவ விடியுமுன்ன போட்டு வெச்சுட்டுப் போற காபியக் குடிச்சுட்டுத்தான் நான் தினம் வேலைக்குப் போவேன். அவ யாரையும் பிரிக்கல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மேடையில் இருந்ததால் அழாமல் சமாளித்தேன். இத்தனை வருஷம் சுமந்ததை ஒரு நிமிஷத்தில் இறக்கி வைத்துவிட்டார் அந்த மகராசி.

"ஓம், இனி நான் என்னத்தைச் சொல்ல?" என்று அன்ரி சிரித்தார். "கெட்டிக்காரத்தனம்தான். இதுதான் தீர்ப்பு. நன்றியுரை சொல்லுற ஆள் பட்டிமன்றத்திலை வெண்டு போட்டா. அதாலை தோத்த தலைவர் வந்து நன்றி சொல்லட்டும்."

என் கணவர் மைக்குக்கு வந்தார். மண்டபத்துக்கு நன்றி, ஹாரிஸ் பார்க் கடைகளிலிருந்து இனிப்பு கொண்டுவந்தவர்களுக்கு நன்றி. யாரும் சாப்பாட்டு வரிசைக்கு நகரவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கராஜ்ல அடுப்பு வெச்சப்ப அதை வீம்புன்னு முதல்ல சொன்னவன் நான். அந்த வார்த்தையை எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்கிக்கறேன்."

மண்டபம் முழுக்கக் கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியது நான்தான்.