உண்ணிக் காய்ச்சலா, வெறியா

எழுபதுகளின் தொடக்கத்தில் கடத்தூர்ப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்தேன். மாட்டைப் பார்க்கத்தான் என்னை வைத்திருந்தார்கள். நாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வருஷம் மழை விட்டதும் நாய்கள் வரிசையாகச் செத்தன. ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போய், காதுக்குள் உண்ணி அப்பிக் கிடந்தன. உண்ணி கடித்து வரும் காய்ச்சல் என்று தெரிந்தது. அது எந்த வழியாகப் பரவுகிறது என்றுதான் பிடிபடவில்லை.

தாலுகா வரைபடத்தை மருந்தகச் சுவரில் ஒட்டினேன். உண்ணிக் காய்ச்சல் கண்ட ஊருக்குச் சிவப்புப் பென்சில், வெறிநாய் கண்ட ஊருக்குக் கறுப்பு. சிவப்புப் புள்ளிகளெல்லாம் ஆட்டுக்கிடை போன வழியிலேயே விழுந்தன. எருவுக்காக ஆடுகளை இரவில் உழவுக் காட்டில் மடக்கிப் போடுவார்கள். காவல் நாய்களும் கூடவே படுத்திருக்கும். கிடை அடுத்த காட்டுக்கு நகர்ந்தாலும் உண்ணி அங்கேயே தங்கிவிடும். கண்டுபிடித்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கிடை எங்கள் வீட்டுக்குப் பின்னால் என்று தெரிந்ததும் அந்தப் பெருமை இறங்கிப்போனது.

நினைத்தபடியே ஆயிற்று. கிடை போன சில நாளில் எதிர்வீட்டு நாய் எச்சில் வடியத் தள்ளாடியது. பாவம் என்று கஞ்சி வைக்கப் போன என் மனைவியின் கையை அது கடித்துவிட்டது. அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

வெறியிலும் நாய் தள்ளாடும், எச்சில் ஒழுகும். மருந்தகத்தில் நுண்ணோக்கி கிடையாது. ரத்தத்தைத் தர்மபுரிக்கு அனுப்பினால் பதில் வருவதற்குள் நாயே போய்விடும். என் கையில் இருந்தது அந்த வரைபடம் ஒன்றுதான். கடித்த நாய் பத்து நாள் தாண்டி உயிரோடிருந்தால் வெறி இல்லை என்பார்கள். இல்லாவிட்டால் தொப்புளைச் சுற்றி ஊசி.

"வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு வயித்துலயே ஊசி போட்டுக்கோணுமுங்களா?" என்று கேட்டாள்.

கடிபட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஒரு நாள் பார்க்கலாம் என்றேன். நாயைக் கட்டிப்போட்டு, உண்ணிக் காய்ச்சலுக்கு அந்தக் காலத்தில் கொடுக்கும் நீல மருந்தை நரம்பில் ஏற்றினேன். வெறியாக இருந்தால் அது கேட்காது. மறுநாள் காலையில் அது தலையைத் தூக்கிக் கொஞ்சம் தண்ணீர் நக்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கன்று போட முடியாமல் கிடந்த ஒரு மாட்டைப் பார்க்கப் போனேன்.

திரும்பி வந்தபோது கயிறு மட்டும் கிடந்தது. அந்த மருந்து ஈறையும் நாக்கையும் நீலமாக்கும். போகும்போது அதை யாரிடமும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எதிர்வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நாக்கெல்லாம் நீலம் பாஞ்சு போச்சுங்க சார். வெறி தலைக்கேறிடுச்சுன்னு அடிச்சுப்புட்டோம். அம்மாவக் கடிச்சத எப்படிங்க வுட்டு வெக்கறது?"

வெறி இருந்தால் மூளையில் தெரியும், தலையையாவது சோதனைக்கு அனுப்பலாம் என்று கேட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றி முழுசாக எரித்துவிட்டார்களாம். அவர் வளர்த்த நாய்தான், அவருக்கே கண் கலங்கியிருந்தது. அவரிடம் எப்படிக் கோபப்படுவது?

அன்றே பஸ் ஏறினோம். தர்மபுரியில் அவள் எல்லா ஊசியையும் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். ஊசி பலிக்காமல் போனால் வெறி மாதக்கணக்கில் உடம்பில் பதுங்கியிருந்து வரும் என்று படித்தவன் நான். வந்துவிட்டால் தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும். வரைபடத்தில் எங்கள் ஊருக்குச் சிவப்பு வைப்பதா கறுப்பு வைப்பதா என்று பென்சிலோடு நின்றுவிட்டு, வைக்காமலே வந்துவிடுவேன்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்து தவழ ஆரம்பித்த பிறகும் பயம் போகவில்லை. ஒரு நாள் மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டுச் சொம்பை எடுத்தவள், அப்படியே நிறுத்தினாள்.

"நான் தண்ணி குடிக்கறப்பெல்லாம் பாக்கறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? எனக்கும் ஒவ்வொரு வாய்க்கும் பயந்தானுங்க."

பிறகு நான் பார்க்கும்படி என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அண்ணாந்து, சொம்புத் தண்ணீர் முழுவதையும் நிதானமாகக் குடித்தாள்.