பூஜ்யமும் உண்மைதான்

1988-ல் ஆம்பூரில் நான் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இந்தக் கிருபானந்தத்தை விட்டால் அதைத் தொட ஆளில்லை என்று ஊரே நினைத்ததாக நான் நினைத்துக்கொண்டேன். வேலூரில் கொஞ்ச நாள் ‘பேசிக்’ என்ற கம்ப்யூட்டர் மொழி படித்த கர்வம். என்னோடு சேர்ந்த அக்தரி பேகமும் கணிதப் பட்டதாரிதான். ஆனால் அவருக்குக் கையேட்டைப் படிக்கும் கெட்ட பழக்கம் இருந்தது.

கம்ப்யூட்டரில் இருந்த மொழி லிஸ்ப். தோலில் உள்ள குறைகளைக் கீபோர்டில் தட்டினால், நல்ல தோலுக்கு ‘எடு’, கெட்ட தோலுக்கு ‘கழி’ என்று அது சொல்ல வேண்டும். குறைகளை எண்ணும் ஒரு சின்ன நிரலை எழுதினேன். ஒன்றோ அதற்கு மேலோ வந்தால் உண்மை, அதாவது ‘கழி’. பூஜ்யம் வந்தால் பொய், அதாவது ‘எடு’. பேசிக்கில் அப்படித்தான்.

மேனேஜர் முன்னால் ஓட்டைத் தோல் ஒன்றின் விவரத்தைத் தட்டினேன். ‘கழி’ என்றது. மீசையைத் தடவிக்கொண்டேன். அடுத்தது மாசு மருவில்லாத தோல். அதற்கும் ‘கழி’. அதற்கடுத்ததும் ‘கழி’.

தரம் பிரிக்கும் அமீர் பாஷா தோலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா கிருபா, இதுல இன்னா குறை?”

“கண்ணுக்குத் தெரியாத குறை பாய். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது.”

“அப்போ நாளைக்கு எதை வெச்சு ஷூ தைக்கிறது?” என்றார் மேனேஜர். “உன் சர்டிபிகேட்ட வெச்சா?”

எல்லோரும் போனபிறகு அக்தரி பேகம் மெதுவாகச் சொன்னார். “லிஸ்ப்ல ‘நில்’ ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் உண்மை. பூஜ்யம் கூட.”

“பூஜ்யம் எப்டிங்க உண்மையாவும்?”

“அதுவும் ஒரு பதில்தானே? நில்னா ஒண்ணுமே இல்லாத காலிப் பட்டியல்.”

“சரி, பூஜ்யத்தை விட ஜாஸ்தியான்னு கேட்டுடறேன்.”

“எண்ணவே வேணாம். குறைங்களோட பட்டியலையே திருப்பி அனுப்புங்க. குறை இல்லன்னா பட்டியல் காலி, அதுவே பொய். இருந்தா உண்மை. என்ன குறைன்னும் தெரிஞ்சிடும்.”

அப்படியே மாற்றினோம். மறுநாள் நல்ல தோலுக்கு ‘எடு’ வந்தது. கெட்ட தோலுக்கு, ‘கழி: ஓட்டை, உண்ணித் தழும்பு’.

மேனேஜர் என் தோளைத் தட்ட வந்தார். “அவங்க சொன்னது சார்” என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் நம்புவார் என்று எதிர்பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் அறை அக்தரி பேகத்துக்குப் போயிற்று. எனக்குப் பெட்டி அனுப்பும் பிரிவு. சம்பளம் அதேதான், ஏசி மட்டும் கிடையாது. வேர்த்தால் உடம்பு இளைக்கும் என்று அமீர் பாஷா ஆறுதல் சொன்னார்.