அக்கா போட்ட மறுப்பு

எங்கள் தெருவில் அக்காவுக்கு 'வானொலி' என்று பெயர். அவள் காதுபடவே சொல்வார்கள். பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு விழுந்ததை 'இரு தரப்பு மோதல்' என்று எழுத மறுத்ததால் அவளுக்குப் பத்திரிகை வேலை போனது. சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு தானே ஒரு செய்தித்தளம் தொடங்கினாள். அடுப்பில் எது தீய்ந்தாலும் கவலைப்படமாட்டாள். செய்தியில் ஒரு வார்த்தை பிசகினால் வீட்டையே ஒரு வழி பண்ணிவிடுவாள்.

படம் அனுப்பியவர் யாரென்று தெரியாதபடி பெயரை எடுப்பாள், குரலை மாற்றுவாள், முகங்களை மங்கலாக்குவாள். ஆனால் படம் உண்மை என்று காட்ட, இடம் அடையாளம் தெரியும்படி ஏதாவது விட்டுவைப்பாள். அந்தப் பழக்கம்தான் எங்களைக் குழியில் தள்ளியது.

மருத்துவமனைமேல் விமானம் குண்டு போட்டதை எங்கள் தெருத் தையற்காரர் தன் மாடி ஜன்னலிலிருந்து படமெடுத்து அனுப்பினார். குண்டே போடவில்லை என்று ராணுவம் சாதித்துக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசலும் அதன் பின்னால் தண்ணீர்த் தொட்டியும் தெரியும்படி அக்கா படத்தை வெளியிட்டாள். ராணுவத்தின் வாய் அடைபட்டது. ஆனால் வாசலும் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிகிற ஜன்னல் தெருவிலேயே ஒன்றுதான். மறுநாளே தையற்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் மனைவி அழுதுகொண்டே வந்து எங்கள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "படம் பொய்யின்னு நீங்க எழுதிட்டா விட்டுடுறேன்னு அதிகாரி சொல்றாரும்மா. எழுதிடுங்க. செத்தவங்க திரும்பி வரப் போறதில்ல. இவராவது வரட்டும்."

"அந்த ஆள் பேச்ச நம்புறீங்களா?" என்றேன்.

"வேற யார நம்பச் சொல்றீங்க தம்பி?"

அக்கா எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். அந்தக் குண்டில் செத்துப்போன நர்ஸ்களின் பெயர்களையும் அவள்தான் வெளியிட்டிருந்தாள். அவர்களுடைய அம்மாக்கள் இதைப் படிப்பார்களே என்று வாய்விட்டு அழுதாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"போட்டுத் தொலைக்கா. ஒரு மனுஷனோட உசிரு."

'நாங்கள் வெளியிட்ட படம் பொய்யானது' என்று தன் பெயரிலேயே போட்டாள். வானொலி விலைபோய்விட்டது என்று ஊரே காறித் துப்பியது. அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையற்காரர் வரவில்லை. அவர் மனைவிதான் மறுபடி வந்தார். இந்தத் தடவை அழவில்லை.

"பொய்ப் படம் எடுத்துப் பரப்பினாருன்னு கேஸ் போட்டுட்டாங்கம்மா. கோர்ட்டுல ஆதாரமா நீங்க எழுதினதத்தான் காட்டினாங்க."