பாறை வெடிப்பில் ஒரு முட்டை

பாக்கியராஜ் அண்டார்டிகா போனது நாற்பது வயதுக்கு மேல். அதுவரை கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்காலையில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தார். வீடு கவரப்பேட்டையில். அண்டார்டிகாவில் இருக்கும் இந்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு டீசல் மெக்கானிக் தேவை என்று விளம்பரம் வந்தபோது எழுதிப் போட்டார். கிடைத்துவிட்டது. மனைவி சின்னப்பொண்ணு, "ஐஸ் கட்டியில இன்னாத்த சாப்புடுவ?" என்று மட்டும் கேட்டாள்.

கப்பல் இறக்கிவிட்ட நவம்பரில் அங்கே கோடை. இரவே கிடையாது. அப்படியும் ஒரு மரம், ஒரு புல், ஓர் எறும்பு கண்ணில் படவில்லை. ஒரு பாறை மறைவில் நகம் அளவுக்குப் பச்சையாக ஏதோ அப்பியிருந்தது. அதன்மேல் பூட்ஸை வைக்கப்போனவரைப் புவனேஸ்வரி கையைப் பிடித்து நிறுத்தினாள். உயிரியல் ஆய்வுக்கு வந்திருந்த சென்னைப் பெண்.

"பாசிண்ணா. வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெருசு. இங்க தண்ணி பூரா கட்டியாக் கெடக்குது. உருகுற கொஞ்ச நாளுக்குள்ள வளர்ந்துக்கணும்."

ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், பாறை வெடிப்பில் ஒரு வெள்ளைப் பறவை அடைகாத்தது. பனிப் பெட்ரல் என்றாள் புவனேஸ்வரி. ஒரே முட்டை. நிலத்தில் இரை கிடையாது. ஜோடியில் ஒன்று கடலுக்குப் போய்த் தின்றுவிட்டுத் திரும்பும்வரை மற்றது பட்டினியாக உட்கார்ந்திருக்கும். பாக்கியராஜ் ஷிப்டு முடிந்ததும் தள்ளி நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

டிசம்பரில் பனிப்புயல் அடித்தது. காற்று நின்றதும் ஓடிப்போய்ப் பார்த்தார். வெடிப்பு மூடிக்கிடந்தது. பனி வாரும் ஷவலைக் கையில் எடுத்தார்.

"தோண்டட்டா மேடம்?"

"வேணாண்ணா. நாம தொடக் கூடாது. அதான் இங்க சட்டம்."

"உள்ள உசுரோட கீது."

அவள் ஷவலின் பிடியில் கைவைத்துத் தடுத்தாள். அவர் ஷவலைக் கீழே போட்டார்.

மறுநாள் பறவை தானே பனியைக் கிளறிக்கொண்டு வெளியே வந்தது. இறகை உதறியது. கடல் பக்கம் பறந்துபோனது. முட்டை பனியோடு சேர்ந்து உறைந்து கிடந்தது. அந்தக் கோடையில் இன்னொரு முட்டைக்கு நேரமில்லை. சின்னப்பொண்ணுவிடம் போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

கோடை முடிந்ததும் பறவைகள் போயின. பிறகு சூரியனும் போனது. நிலையத்து ஆட்களைத் தவிர சுற்றிலும் எதுவும் அசையவில்லை. ஜெனரேட்டர் நின்றால் அவர்களும் இருக்க முடியாது. அவர் அதை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து, ஊர் திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இறங்கியதும் ஈர மண் வாசமும் இலை வாசமும் மூக்கில் ஏறின. துறைமுகத்துக்கு வெளியே இருந்த புல்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் வந்து கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

வீடு வந்து சேர்ந்த சில நாளில் சளியும் காய்ச்சலும்.

"அம்மாங்குளிர்ல இருந்துக்கினு சளி புடிக்கல, இங்க வந்து புடிச்சிக்கிச்சா?" என்றாள் சின்னப்பொண்ணு.

"அங்க கிருமிக்கும் பொழப்பு இல்ல."

அவள் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். பொங்கல் கழிந்து பாக்கியராஜ் பழைய ஆலையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.