உறையாத பால்

எங்கள் வீட்டில் அண்ணியைத் தவிர, காலையில் முதலில் எழுவது யாராக இருந்தாலும், நேராக அடுப்படிக்குப் போய்த் தயிர் டம்ளரைச் சாய்த்துப் பார்ப்போம். மற்ற வீடுகளில் சாமி படத்தில் கண் விழிப்பார்கள், எங்களுக்குத் தயிர். கட்டியாக நின்றால்தான் மூச்சு வரும். அண்ணியால் வந்த பழக்கம் இது. சாய்த்ததும் பால் தண்ணீராய் ஓடிய அந்தக் காலைகளை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

எலப்புள்ளியிலிருந்து மீனாட்சிபுரத்துக்கு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்தவர் அண்ணி. தனக்கு வலிப்பு உண்டு என்பதைப் பெண் பார்க்கப் போன அன்றே, காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார். "எனக்கு ஃபிட்ஸ் வருமுங்க. மாத்திரை சாப்புடறனுங்க. மனசிருந்தாப் பேசுங்க, இல்லீன்னா காபியக் குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க." அண்ணன் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். மாத்திரை தவறாதவரை வலிப்பு எப்போதாவதுதான் வரும். நாங்கள் வெளிறிப்போய் நிற்போம். அவரோ எழுந்து முகம் கழுவிக்கொண்டு எங்களைக் கேலி செய்வார். "ஏனுங்க எல்லாரும் பேயறஞ்சாப்புல நிக்கறீங்க? எனக்குத் தூங்கி எந்திரிச்ச மாதிரித்தான் இருக்குது." பொய்யில்லை. தன் வலிப்பை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் நாங்கள்தான்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது செவலைப் பசுவுக்கு மடிநோய் வந்தது. மாட்டு டாக்டர் காம்புக்குள் மருந்தேற்றிவிட்டு, சில நாளைக்கு அதன் பாலைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது என்றார். சொசைட்டியை ஏமாற்ற எங்கள் பக்கம் மனம் வராது. அதற்காகப் பாலைச் சாக்கடையில் கொட்டவும் கை வராது. லட்சுமியை மண்ணில் ஊற்றுவதா? ஆகவே ஊருக்கு ஆகாத பால் வீட்டுக்கு ஆகும். "காச்சுனா எல்லாஞ் செத்துப்போயிரும்" என்பது அம்மாவின் வாதம். மருந்து காய்ச்சினால் சாகாது என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணிக்குப் பால் என்றால் உயிர். இரண்டு வேளையும் சொம்பு நிறையக் குடித்தார்.

அந்த நாட்களில் தயிர் உறையவே இல்லை. அம்மா குளிரைத் திட்டினாள், உறைமோரைத் திட்டினாள், பக்கத்து வீட்டில் வேறு மோர் வாங்கி ஊற்றிப் பார்த்தாள். காலையில் சாய்த்தால் அதே தண்ணீர். காலம் முழுக்க மாட்டோடு மாரடிக்கும் குடும்பம் நாங்கள். பால் எங்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது, ஒருவருக்கும் விளங்கவில்லை. இதற்குள் அண்ணிக்கு வயிற்றுப்போக்கு தொடங்கியது. தெம்புக்கு என்று அம்மா இன்னொரு சொம்பு பால் கொடுத்தாள்.

பிறகு ஒரு காலையில், தீவனத் தொட்டிக்குப் பக்கத்தில் அண்ணி விழுந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் என் துப்பட்டாவை மடித்து வைத்தேன். எப்போதும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். அன்றும் அடங்கியது; ஆனால் கண் திறக்கும் முன்பே மறுபடி தொடங்கியது. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. பாலக்காட்டு ஆஸ்பத்திரி வரும்வரை ஆட்டோவில் அவர் கை என் மடியில் வெட்டிக்கொண்டே இருந்தது. எந்தக் கோயிலைக் கண்டாலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அம்மா, அன்று வழியில் ஒரு கோயிலையும் பார்க்கவில்லை. அண்ணி செத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

பிழைத்தார். வீட்டில் எல்லாம் எப்படி என்று டாக்டர் கேட்டபோது, அம்மா என்ன சொல்வதென்று தெரியாமல், "வூட்டுல தயிருகூட ஒறையிலீங்க" என்று அழுதாள். டாக்டர் நிமிர்ந்து பார்த்து, மாட்டுக்கு ஏதாவது மருந்து போட்டதா என்று விசாரித்தார். தயிரை உறைய வைக்கும் கிருமியைக் கொன்ற மருந்து, வயிற்றில் இருக்கும் நல்ல கிருமிகளையும் குலைத்திருக்கலாம் என்றார். வயிற்றுப்போக்கில் மாத்திரை உடம்பில் சேராமல் போயிருக்கலாம். வலிப்பு வர அதுவே போதும். இன்னொன்றும் சொன்னார். நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பகுதி குடலை ஒட்டித்தான் காவல் இருக்கிறது. அங்கே குடியிருக்கும் கிருமிகளோடு பழகித்தான் யாரை அடிப்பது, யாரை விடுவது என்று அது கற்றுக்கொள்கிறது. அந்தப் பழக்கம் குலைந்தால் காவல் மிரளும். அதனால் எழும் அழற்சி மூளைவரை எட்டி வலிப்பைத் தூண்டுமா என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். "இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாதும்மா. எது வந்தாலும் மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

அந்த 'இருக்கலாம்' அம்மாவின் காதில் ஏறவில்லை. அதற்கப்புறம் மருந்து போட்ட மாட்டின் பாலைக் குழி தோண்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். மற்ற பாலும் டம்ளரில் உறை ஊற்றித் தேறினால்தான் அண்ணியின் சொம்புக்குப் போகும். "அத்தைக்கு ஒரு வெள்ளக் கோட்டுத் தெச்சுக் குடுக்கோணும்" என்று அண்ணி சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்துக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருக்கிறது. வருடக்கணக்காகத் தயிர் உறைந்தது, அண்ணிக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை, நானும் தயிரை நம்பிவிட்டேன்.

போன மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். அண்ணியின் மகள், எங்கள் பாப்பா, பள்ளிக்கூடம் போக அண்ணி தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது அவர் மடியிலேயே விறைத்துச் சாய்ந்தாள். அண்ணி கையில் சீப்போடு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான்தான் பாப்பாவை ஒருக்களித்துப் பிடித்தேன். அடங்கி, கண் திறந்து, தண்ணீர் கேட்டாள். அதற்கப்புறம்தான் அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நானும் இப்பிடித்தான் இருப்பனா, அம்மிணி?"

"ஆமாங்க அண்ணி."

"இத்தன வருசமா இதயா பாத்துட்டு இருந்தீங்க?"

அன்றே டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம். இன்னும் சோதனைகள் பாக்கி. மறுநாள் விடியலில் நான் அடுப்படிக்குப் போனபோது அண்ணி எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். ஒருநாளும் அந்த டம்ளரைத் தொடாதவர், அன்று அதைச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்துக்கொண்டிருந்தார். வெட்டி எடுக்கலாம்போலக் கட்டித் தயிர்.

"நல்லாத்தான ஒறஞ்சிருக்குது," என்று என்னிடம் நீட்டினார். "நேத்தும் ஒறஞ்சுதான இருந்துச்சு? அப்பறம் ஏன் அம்மிணி?"

டம்ளரை வாங்கக் கை நீட்டினேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. டம்ளர் எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் இருவரும் ஓடினோம். பாப்பா புரண்டுதான் படுத்திருந்தாள்.